மேஸ்திரிக்கு மார்பு, மற்றவர்க்கு இடுப்பு

நான் குள்ளம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இதை முழுக்க என்னை ஆறடி ஆளாக நினைத்துக்கொண்டு படித்துவிட்டு, கடைசியில் ஏமாற்றிவிட்டான் என்று திட்டுவீர்கள். அப்படித் திட்டு வாங்கிய அனுபவம் எனக்கு ஏற்கெனவே உண்டு.

அறுபதுகளின் தொடக்கம். பஞ்சாயத்து யூனியன்கள் வந்த புதிது. சாலவாக்கம் பக்கத்துச் சில கிராமங்களுக்கு நான் தற்காலிக மேஸ்திரி. அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர்கள். நான் எட்டாவது தேறி, காக்கி அரை டிராயர் மாட்டிக்கொண்டு, சர்க்கார் வேலை என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றைப் பிடித்துவிட்டேன். மழைக்காலத்தில் ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்து ஓடையில் இறங்கும். ஓடை தன் பங்குக்குப் பாதைகளைத் தின்றுவிட்டுப் போகும். அதற்குப் பிறகு நான் நடந்து பார்க்க வேண்டும். எந்த வரப்பு உடைந்திருக்கிறது, எந்தக் கரை வழுக்குகிறது, எந்த நடைபாலத்தில் கல் போய்விட்டது, எங்கே இறங்கிக் கடக்கலாம் என்று பார்த்து ஆபீசில் சொல்ல வேண்டும். ஆபீசுக்குப் போகுமுன் பஸ் நிற்கும் இடத்து டீக்கடையில் சொல்லிவிடுவேன். ஆபீசில் நான் சொல்வதைக் கேட்க ஆள் கிடையாது. டீக்கடையில் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு வாய் பிளந்து கேட்பார்கள்.

தண்ணீர் ஆழம் பார்க்க ஆபீசில் அடிக்கணக்கு குறித்த கோல் ஒன்று இருந்தது. அதில் ஓவர்சியர் அறைச் சன்னலின் திரை தொங்கிக்கொண்டிருந்தது. ஆகையால் எங்கள் பக்கத்து வழக்கப்படி உடம்புதான் அளவுகோல். கணுக்கால், முட்டி, தொடை, இடுப்பு, மார்பு, கழுத்து. நான் இறங்குவேன், அந்தப் பக்கம் ஏறுவேன். நனைந்த கோடு உடம்பில் எங்கே நிற்கிறதோ அதுதான் அன்றைய ஆழம்.

என்னைக் கேட்காமல் யாரும் ஓடையில் கால் வைக்க மாட்டார்கள். "இன்னா மேஸ்திரி, தண்ணி எம்மாத்தம் கீது?" என்பார்கள். "மாரளவு" என்பேன் நான், ஏதோ ஜட்ஜ் தீர்ப்புச் சொல்வதுபோல. சரி என்று தலையாட்டிவிட்டு, நெல் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நேராகப் போய் இறங்கிவிடுவார்கள். மாரளவுத் தண்ணீரில் மூட்டையோடு இறங்குகிறார்களே, எங்கள் சனங்களுக்குத்தான் என்ன நெஞ்சழுத்தம் என்று நான் பெருமைப்பட்டிருக்கிறேன். மடையன். வேறென்ன சொல்ல.

இந்த லட்சணத்தில் எனக்குக் கல்யாண வயது வந்து, போகவும் தொடங்கியிருந்தது. போன இடங்களிலெல்லாம் ஒரே பதில். "பையன் தங்கமான பையன்தான், ஆனா..." அந்த 'ஆனா'வுக்குப் பிறகு எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். அம்மா வீட்டுக்கு வந்து என் அப்பாவின் பரம்பரையையே திட்டுவாள். அவள் பரம்பரையும் உயரத்தில் ஒன்றும் பிரமாதமில்லை. அதைச் சொன்னால் அன்றைக்குச் சோறு கிடையாது.

கடைசியில் தரகர் ஒருவர் ஏனாத்தூர் பக்கத்தில் ஓர் இடம் கொண்டுவந்தார். நிபந்தனை ஒன்றே ஒன்று. "நீ எழுந்து நிக்காத மேஸ்திரி. மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவமானமாகவும் இருந்தது. ஆனாலும் போனேன்.

அன்றைக்கு நல்ல மழை. அதுதான் என்னைக் காப்பாற்றியது. பஸ்ஸிலிருந்து இறங்கி அந்த வீட்டுக்குப் போகும்வரை மற்றவர்கள் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டும் நான் குடைக்குள் ஒடுங்கிக்கொண்டும் கூனிக் குறுகித்தான் ஓடினோம். பெண்ணின் அப்பா வாசலில் நின்று, என் குடையை வாங்கிச் சுவரில் உயரத்தில் இருந்த ஆணியில் மாட்டினார். மனிதர் தென்னை மரம். அவருடைய தங்கை, அதாவது பெண்ணின் அத்தை, அவருக்கு ஒரு விரல்கூடக் குறையாது. நான் பாய்ந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தவன் அதோடு அசையவில்லை. கால் தரையைத் தொடவில்லை என்பது தெரியாமலிருக்க வேட்டியைத் தழையத் தழைய விட்டிருந்தேன்.

பெண் பஜ்ஜித் தட்டோடு வந்து நின்றாள். அவளும் அந்த வீட்டு உயரம்தான். ஆனால் நான் உட்கார்ந்திருந்தேன், அவள் நின்றிருந்தாள், ஆகவே நான் அண்ணாந்து பார்த்ததில் யாரும் குற்றம் காண முடியாது. அவள் முகத்தில் சிரிப்பு வரும்போலவும் வராததுபோலவும் இருந்தது. பஜ்ஜி எப்படியிருந்தது என்று வழியில் அம்மா கேட்டபோது, சாப்பிட்டேனா என்றே எனக்கு ஞாபகமில்லை. புறப்படும்போது மற்றவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருக்க, நானே குடையை எடுத்துக்கொண்டு முதல் ஆளாய் வெளியே இறங்கி, மழையில் குனிந்துகொண்டுவிட்டேன். இவள் இல்லையென்றால் இனிமேல் பெண் பார்க்கப் போவதில்லை என்று பஸ்ஸிலேயே அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

சம்மதம் என்று சொல்லியனுப்பினார்கள். ஆனால் முறைப்படி அவர்கள் எங்கள் வீட்டை வந்து பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் தட்டு மாற்றுவது. அதுவும் கார்த்திகைக்குள் நடக்க வேண்டும். மார்கழியில் யாரும் இதையெல்லாம் செய்ய மாட்டார்கள். தை பிறந்தால் செங்கல்பட்டு ரயில்வேக்காரன் ஒருவன் பெண் கேட்டு வரக் காத்திருக்கிறானாம். "ஆறடி" என்று தரகர் எனக்கு அழுத்திச் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கார்த்திகை நடுவில் நாள் குறித்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால் பேய் மழை. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது. எங்கள் ஊருக்கும் பஸ் ரோட்டுக்கும் நடுவில்தான் அந்த ஓடை. அதன்மேல் கருங்கல் தூண்களை நட்டு, அவற்றின்மேல் கல் பலகைகளைப் பரப்பிய ஒரு நடைபாலம். அவர்கள் வரும் நாள் காலையில் போய்ப் பார்த்தேன். நடுவிலிருந்த இரண்டு பலகைகளைக் காணோம். ஒன்று எங்கே போயிற்றோ தெரியாது. இன்னொன்று அங்கேயே தண்ணீருக்கடியில் கிடந்தது. அதைக் கண்ணால் கண்டுபிடிக்கவில்லை, கணுக்கால் எலும்பால் கண்டுபிடித்தேன். அங்கேயே நொண்டிக்கொண்டு, அந்தக் கல்லையும் அதை வெட்டியவனையும் ஒருபாட்டம் திட்டினேன். பிறகு அளந்தேன். மாரளவு.

பெண் வீட்டார் அந்தத் தண்ணீரில் இறங்கலாமா? அதுவும் அந்த அத்தை? நேராக டீக்கடைக்குப் போனேன். கடைக்காரர் பாய் என் சிநேகிதர். உத்திரமேரூரில் மளிகை வைத்திருக்கும் குடும்பம், இவர் மட்டும் இங்கே டீ ஆற்றிக்கொண்டிருந்தார். "பாய், இன்னிக்கு எனக்குப் பொண்ணு வூட்டுக்காரங்க வராங்க. ஓடை மாரளவு கீது, யாரும் எறங்க வேணாம்னு சொல்லுங்க. நான் வண்டி கட்டிகினு சுத்துவழியா வந்து இட்டுகினு போறேன். அதுவரைக்கும் நாஷ்டா குடுத்து உக்கார வையுங்க" என்றேன். பாய் "நீங்க கவலைப்படாதீங்க மேஸ்திரி, நான் பாத்துக்கிறேன்" என்றார். ஏனோ தெரியவில்லை, என் வாழ்க்கையில் யாராவது நான் பார்த்துக்கிறேன் என்று சொன்னாலே ஏதாவது நடந்துவிடுகிறது.

வண்டிப்பாதை எப்படியிருக்கிறது என்று ஊருக்கெல்லாம் சொல்கிற மேஸ்திரி, அன்றைக்கு வண்டிப்பாதையைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளைக் கனவில் இருந்தேன். பெரிய மதகு தாண்டியதும் வண்டி அச்சுவரை சேற்றில் இறங்கிவிட்டது. மாடுகள் என்னைத் திரும்பிப் பார்த்தன. வண்டிக்காரர் நான் கேட்கும்படியாகவே, "பாதைய பாக்கறவரு வண்டியில ஏறினா இப்டித்தான்" என்றார். பதில் சொல்ல நேரமில்லை. புதுச் சட்டை, புது வேட்டி, முட்டிவரை சேறு, அப்படியே டீக்கடைக்கு ஓடினேன்.

கடையில் ஒருவரும் இல்லை.

"அவங்க அப்பவே பூட்டாங்களே மேஸ்திரி" என்றார் பாய், டீ ஆற்றிக்கொண்டே.

"எப்டி போனாங்க?"

"ஓடையிலதான். ரொம்ப நேரம் உக்காந்து பாத்தாங்க. அப்புறம் தண்ணி எம்மாத்தம்னு கேட்டாங்க. இடுப்பளவு, தாராளமா போங்கன்னேன்."

"மாரளவுன்னு தானே பாய் சொன்னேன்!"

"அட, நீங்க மாருன்னா எங்களுக்கு இடுப்புதானே. நீங்க கழுத்துன்னா எங்களுக்கு மாரு. எல்லாரும் கழிச்சிக்கினுதானே போறோம்? சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே."

எனக்குக் காது அடைத்துவிட்டது. இத்தனை வருஷம், ஒவ்வொரு மழைக்கும், நான் ஜட்ஜ் மாதிரி சொன்ன ஒவ்வொரு அளவையும் இந்த வட்டாரமே மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, தலையாட்டி, மனசுக்குள் கழித்துக்கொண்டு போயிருக்கிறது. நெஞ்சழுத்தமாம், பெருமைப்பட்டேனாம்! "எங்கிட்ட ஒருத்தரும் சொன்னதில்லையே" என்றேன்.

"மனசு சங்கடப்படுவீங்கன்னுதான்" என்றார் பாய்.

"அவங்ககிட்ட இதையும் சொன்னீங்களா?"

"பின்னே? மேஸ்திரி மாருன்னாருன்னு மொதல்ல சொன்னீங்க, இப்ப ஏன் இடுப்புன்றீங்கன்னு அந்த ஒசரமான அம்மா கேட்டுச்சு. மேஸ்திரி கொஞ்சம் குட்டை, அதான்னேன். நல்லதுதானே சொன்னேன்?"

அவர் தலையில் பால் பாத்திரத்தைக் கவிழ்க்கலாம்போல் இருந்தது. ஆனால் மனிதர் முகத்தில் கள்ளமே இல்லை. திரும்பி ஓடினேன்.

நான் ஓடைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் எதிர்க்கரையில் ஏறி, ஈரத்தைப் பிழிந்துகொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா, அத்தை, தரகர். அப்பாவுக்கு நனைந்த கோடு இடுப்பில் நின்றது. அத்தைக்கும் அப்படியே. தரகர் என்னைப் பார்த்ததும் வானத்தைப் பார்த்தார். "வாங்க மாப்ள, இடுப்பளவுதான்!" என்று அத்தை இந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள். அந்தக் குரலில் அன்பு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்தக் கல் பலகை ஞாபகம் வந்தது. அது கிடக்கும் இடம் எனக்குத் தெரியும், என் காலுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அதன்மேல் ஏறி நடந்தால் எனக்கும் இடுப்பளவுதான். அடடா, என்னே என் மூளை! ஒடிந்த பாலத்தின் இந்தப் பக்கத்து மிச்சத்தில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் இறங்கி, காலால் துழாவி, பலகைமேல் ஏறிவிட்டேன். தண்ணீர் இடுப்பில் நின்றது. நிமிர்ந்தேன். வாழ்நாளில் அவ்வளவு நிமிர்ந்ததில்லை. பெண்ணின் அப்பா தங்கையைப் பார்த்து ஏதோ சொன்னார். அந்த பாய்க்கு ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லியிருப்பார். நான் சிரித்த முகமாய், கையை வீசிக்கொண்டு, மைனர் மாதிரி நடந்தேன்.

பலகை முடிந்துவிட்டது.

தலைகுப்புற விழுந்தவன், ஓட்டத்தில் கால் ஊன்ற முடியாமல், ஒரு தடவை வெளியே வந்து மூச்சு வாங்கினேன். மறுபடி போய்விட்டேன். சேற்றுத் தண்ணீர் மூக்கில் ஏறியது. இரண்டாவது தடவை வெளியே வந்தது நானாக வரவில்லை. யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்துக் கிணற்றுக் குடத்தை இழுப்பதுபோல் இழுத்தார்கள். அத்தைதான். அவளுக்குத் தண்ணீர் இடுப்பில் நின்றது. நான் நின்றேன். எனக்கு மார்பில் நின்றது. ஒரே தண்ணீர், ஒரே இடம். இதற்குமேல் யாரும் விளக்கம் கேட்கத் தேவையில்லை.

"இதுக்குத்தான் பொண்ணு பாக்க வந்தப்போ எழுந்திருக்கவே இல்லியா?" என்றாள் அத்தை.

"ஆமாங்க" என்றேன். வேறு என்ன சொல்வது? இருமல் வேறு.

வீட்டுக்குப் போனோம். எங்கள் வீட்டு நிலைப்படியில் நாங்கள் யாரும் குனிந்ததே இல்லை. பெண்ணின் அப்பா நுழைந்த வேகத்தில் நெற்றியை இடித்துக்கொண்டார். அம்மா பதறிப்போய் எண்ணெய் கொண்டுவந்தாள். மனிதர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்து, வீட்டைப் பார்த்து, காப்பியைக் குடித்து, அதற்குப் பிறகுதான் பேசினார். "அந்த பாய் இன்னொண்ணும் சொன்னாரு. இவரு பேச்ச நம்பி எறங்கி இதுவரைக்கும் ஒருத்தனும் முழுகினது இல்லியாம்."

எனக்கு உயிர் வந்தது.

"குள்ளமா கீறவன் அளவு சொன்னா எவன் முழுகுவான்?" என்றாள் அத்தை.

வந்த உயிர் மறுபடி போய்விட்டது. அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்தார். இந்தத் தடவை ஞாபகமாகக் குனிந்தார். "பொண்ணாண்ட கேட்டுட்டு சொல்லியனுப்பறோம்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அம்மா சமையல் மூலையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் கொல்லைப் பக்கம் போய் அழுதேன். ஆம், அழுதேன். ஆம்பிள்ளை அழலாமா என்று கேட்பவர்கள் வந்து அந்த ஓடையில் ஒரு தரம் விழுந்து பார்க்கட்டும்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் ஊரில் என் வாயிலிருந்து ஓர் அளவும் வரவில்லை. "மேஸ்திரி, தண்ணி எம்மாத்தம்?" என்று கேட்டால், "ஏன், எங்கிட்ட கேட்டுட்டு கழிக்கிறதுக்கு பதிலா நேரா போயி எறங்கிப் பாரேன்" என்று எரிந்து விழுந்தேன். பாய் டீ கொடுத்தால் குடிக்கவில்லை. அவரும் விடாமல் கொடுத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வடிந்ததும் நாலு ஆட்களை வைத்துக்கொண்டு பாலத்தின் நடுவில் பனங்கட்டைகளைப் போட்டுக் கட்டினேன். அடியில் கிடந்த அந்தக் கல் பலகையையும் கயிறு கட்டி மேலே இழுத்தோம். அதன் நீளத்தைப் பார்த்தேன். இன்னும் ரெண்டு அடி இருந்திருக்கக்கூடாதா என்று அதைக் காலால் உதைத்தேன். கால்தான் வலித்தது.

மார்கழி பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது ஒரு காலையில் தரகர் டீக்கடையில் வந்து இறங்கினார். நான் பாலத்தில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தேன். பாய் கடையை அப்படியே போட்டுவிட்டு அவரை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். எனக்குக் கேட்கவே பிடிக்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் முறுக்கிக்கொண்டேயிருந்தேன்.

"பெரிய பேஜாரா பூட்சிப்பா" என்றார் தரகர். "அந்த அத்தைக்காரி போயி, மாப்பிள்ளை குள்ளம், ஏமாத்திட்டானுங்கன்னு ஆட்டம் ஆடிச்சு. பொண்ணு சும்மா கேட்டுகினே நின்னுச்சு. அப்புறமா சொல்லுச்சு பாரு..."

"என்ன சொல்லுச்சு?" பாய்தான் கேட்டார்.

"'அன்னிக்கு ஆணியில மாட்டின கொடைய எடுக்க எம்பி எம்பிக் குதிச்சாரே, ஜன்னலாண்ட நின்னு பாத்துகினுதான் இருந்தேன். யாராண்டயும் எடுத்துக் குடுன்னு கேக்கல. பாத்துட்டுத்தான் சரின்னேன். இன்னா, இப்பதான் புதுசா கண்டுபுடிச்ச மாதிரி பேசிகினு கீறீங்கோ'ன்னுச்சு."

நான் கயிற்றை விட்டுவிட்டேன். அந்தக் குடைக்கு நான் குதித்ததை ஒருவரும் பார்க்கவில்லை என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன். குதித்தது ஒரு தரமில்லை, இரண்டு தரமில்லை. கடைசியில் குடையையே பிடித்துத் தொங்கித்தான் எடுத்தேன். அதையும் பார்த்திருப்பாள். நான் தண்ணீருக்குள் பலகை தேடிக்கொண்டிருந்த நேரத்தில், அவள் என் உயரத்தை அங்குலம் அங்குலமாக அறிந்தவளாய் வீட்டில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்திருக்கிறாள். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. சந்தோஷத்தில் பாயைக் கட்டிப்பிடித்தேன். என் தலை அவர் மார்பில் இடித்தது.

தட்டு மாற்ற அந்த வாரமே போனோம். அன்றைக்கும் தூறல். பெண்ணின் அப்பா உள்ளே வேலையாக இருந்தார். குடையை நானே மாட்டலாம் என்று சுவரைப் பார்த்தேன். பழைய ஆணி உயரத்தில் அப்படியே இருந்தது. அதற்கு நேர் கீழே புதிதாக ஓர் ஆணி, துருவே பிடிக்காதது, சுற்றிலும் சுண்ணாம்பு பெயர்ந்து, சுத்தியல் பிடித்துப் பழக்கமில்லாத கை அடித்ததுபோல் கொஞ்சம் கோணலாக இருந்தது. ஆனால் கணக்கில் அவளும் எங்கள் ஊராரைப்போல்தான், அவர்களைவிட ஒரு பிடி கூடவே கழித்துவிட்டாள். ஆணி என் முட்டிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. மாட்டினால் குடையின் நுனி தரையில் இடித்தது.

சன்னல் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே அவள் நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வீட்டு வாசலில் குனிந்து, குடையை மாட்டிவிட்டு உள்ளே போனேன்.